லெபனான் பூண்டு சாஸ்ல முட்டையே கெடையாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதில ஒருத்தர் எழுதியிருந்தாருங்க, ஷவர்மா மயோனைஸ் இந்த லெபனான் அயிட்டம் எல்லாத்தையும் நம்ம ஊர்ல இருந்தே தொரத்தோணும், அது நம்ம ஒடம்புக்கு ஒத்துக்காத சாப்பாடுன்னு. அவரு கோவம் எனக்கு நல்லாவே புரியுது. நாமக்கல்ல 2023 செப்டம்பர்ல ஷவர்மா சாப்ட்ட 14 வயசு பொண்ணு எறந்து போச்சு, அந்த செய்திய படிச்ச எந்த அப்பனுக்கும் ரெண்டு நாளைக்கு சோறு எறங்கியிருக்காது. ஆனா அவரு லெபனான் சாப்பாடுன்னு நெனச்சுட்டு இருக்கறது லெபனான் சாப்பாடே இல்லீங்க. நான் 2013ல இருந்து 2020 வரைக்கும் லெபனான் தலைநகரம் பெய்ரூட்ல ஒரு ஓட்டல் கிச்சன்ல வேல பாத்தவன், அந்த சோத்த ஏழு வருஷம் சாப்ட்டவன், அதனால எழுதாம இருக்க மனசு கேக்கலீங்க.

மொதல்ல அந்த வெள்ள சாஸ் சமாச்சாரத்த சொல்லிடறேன், ஏன்னா சண்டையே அதுல தான். நம்ம தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷத்துக்கு பச்ச முட்டைல செய்யற மயோனைஸ தடை பண்ணுனாங்க, சால்மோனெல்லா ஈகோலை லிஸ்டீரியா மாதிரி கிருமி வருதுன்னு சொல்லி. அன்னைக்கு எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடைக்காரத் தம்பி எங்கிட்ட பொலம்புனான், அண்ணா முட்டை மயோனைஸ் இல்லாம ஷவர்மாவ எப்படிண்ணா விக்கறது, லெபனான்ல இப்படித்தான பண்றாங்கன்னு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சுங்க. லெபனான்ல சிக்கன் ஷவர்மாவுக்கு தடவறது மயோனைஸே இல்ல, அதுக்கு பேரு தூம். அரபில தூம்ன்னாலே பூண்டு தான். பூண்டு, உப்பு, எண்ணெய், எலுமிச்ச சாறு, அவ்வளவு தான் அதுல இருக்கறது. அங்கயும் சில கடைல சீக்கிரம் கெட்டியாகோணும்னு முட்டை வெள்ளக்கருவோ கிழங்கு மாவோ சேக்கறவங்க உண்டு, நான் இல்லேன்னு சொல்லல, ஆனா எங்க மாஸ்டர் அவங்கள சமையல்காரன்னே ஒத்துக்க மாட்டாரு.

நான் போன மொத மூணு மாசம் எனக்கு குடுத்த வேலையே பூண்டு உரிக்கறது தாங்க. உரிச்சு ஒவ்வொரு பல்லையும் நீட்டு வாக்குல ரெண்டா கீறி நடுவுல பச்சையா மொள இருந்தா எடுத்துடோணும், அது இருந்தா சாஸ் கசக்கும். அப்பறம் பூண்டையும் உப்பையும் போட்டு நைசா அரைக்கோணும், அரைச்சது மாவாட்ட ஆன பொறகு தான் எண்ணெய், அதும் நூலாட்ட ஊத்தோணும், ஓடற மிக்சில கை நடுங்காம. கொஞ்சம் எண்ணெய், அப்பறம் ஒரு சொட்டு எலுமிச்ச, மறுபடி எண்ணெய், மறுபடி எலுமிச்ச. அவசரப்பட்டு ஒரு மடக்கு எண்ணெய கூட ஊத்துனீங்கன்னா மொத்தமும் திரிஞ்சு தண்ணி வேற எண்ணெய் வேறன்னு நின்னுக்கும். நின்னு பொறுமையா பண்ணுனா பத்து பதினஞ்சு நிமிசத்துல வெண்ணெயாட்ட வெள்ளையா பொங்கி வரும், கரண்டிய குத்துனா சாயாம நிக்கும். முட்டை செய்யற வேலைய பூண்டே செய்யுதுங்க, எண்ணெயையும் சாறையும் புடிச்சு வெக்கற பசத் தன்ம பூண்டுக்குள்ளயே இருக்குது.

அளவு கேக்கறவங்களுக்கு சொல்றேன். உரிச்ச பூண்டு ஒரு டம்ளர், கிட்டத்தட்ட 150 கிராம் வரும், அதுக்கு மூணு டம்ளர் சூரியகாந்தி எண்ணெய், கால் டம்ளருக்கு கொஞ்சம் கூடவே எலுமிச்ச சாறு, ஒரு ஸ்பூன் உப்பு. கடலெண்ணெய் வேண்டாம், அதோட வாசம் தூக்கிக்கும், ஆலிவ் எண்ணெயும் மிக்சில அடிச்சா கசக்குது. பண்ணுனத மூடி போட்டு ஃபிரிட்ஜ்ல தான் வெக்கோணும், பூண்டும் எண்ணெயும் சேந்தத வெளிய வெக்கவே கூடாது. பூண்டு வெல ஏறிக் கெடக்குதுன்னு அந்தத் தம்பி சொன்னான், சரி 2024ல கிலோ 400 ரூவாயையும் தாண்டுச்சு, அந்த வெலைக்கே கணக்கு போடுவோம், 150 கிராம் 60 ரூவா. அதுல நாப்பது ரோலுக்கு சாஸ் வரும், அப்ப ரோல் ஒண்ணுக்கு பூண்டு செலவு ஒண்ணரை ரூவா. மேட்டுப்பாளையம் மண்டில நீலகிரி பூண்டு மூட்ட மூட்டையா எறங்கற ஊருங்க நம்முளுது, இதுக்கு பயந்து பச்ச முட்டைய அடிச்சு வெயில்ல வெக்கறது எனக்கு ஆத்த மாட்டாத வெசனமா இருக்குது.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா எம் பையனுக்கே நடந்துச்சுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்கு போய்ட்டு வர்றப்ப பொழுதோட ஒரு கடைல நிறுத்துனோம், கடை பேரு வேண்டாம். போர்டுல லெபனீஸ்னு போட்டிருந்துச்சு, நானும் ஆசைப்பட்டு எறங்கிட்டேன். பாத்தா மயோனைஸ் டப்பா மூடியே இல்லாம அடுப்புக்கு பக்கத்துல உக்காந்துட்டு இருக்குது, மேல மஞ்சளா ஏடு கட்டியிருக்குது. எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், பையன் அடம் புடிச்சு வாங்கிட்டான், நான் தடுத்திருக்கோணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்ச வாந்தி, மூணு நாள் ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ். எம் மாமியார் அன்னைக்கு சொன்னாங்க, மாப்ள நீங்க ஏழு வருஷம் இதையா சமைச்சீங்கன்னு. அந்த கேள்வி இன்னைக்கும் நெஞ்சுல நிக்குது.

இல்லீங்க, நாங்க இத சமைக்கல. ஷவர்மாங்கற பேரே துருக்கி பாஷைல திருப்பறதுங்கற வார்த்தைல இருந்து வந்தது, வேலையே திருப்பித் திருப்பி வேக வெக்கறது தான். ஷவர்மா போடறவர அங்க மொஅல்லெம்னு கூப்புடுவாங்க, நம்ம ஊர்ல மாஸ்டர்னு சொல்றாப்ல, அந்த பேரு சும்மா கெடைக்காது. வெளிப்பக்கம் வெந்து செவந்த கறிய மட்டும் பேப்பராட்ட சீவுவாரு, சீவுனா உள்ள பச்சையா தெரிஞ்சுதுன்னா கத்திய வெச்சுட்டு நிப்பாரு, எத்தன பேரு வரிசைல நின்னாலும் சரி. அன்னைக்கு எவ்வளவு ஓடும்னு கணக்கு போட்டுத்தான் கம்பில கறி அடுக்கறது, அன்னைக்கே முடிச்சுடோணும். நம்ம ஊர்ல சில கடைல அடுப்ப அணைச்சு அதே கறிய மறுநா திரும்ப பத்த வெக்கறாங்க, அங்க தான் சாவே இருக்குது. கோழின்னா தூம், ஊறுகா போட்ட வெள்ளரிக்கா, கொஞ்சம் உருளைக்கெழங்கு வறுவல். மாட்டுக்கறி ஆட்டுக்கறின்னா தூம் தடவ மாட்டாங்க, எள்ளு அரைச்ச தஹினில எலுமிச்சயும் பூண்டும் கலந்து தரத்தோர்னு ஒரு சாஸ், கூட வெங்காயம், கொத்தமல்லி மாதிரி இருக்கற பார்ஸ்லித் தழை, சுமாக்குங்கற புளிப்பான செவந்த பழத்தூள். முட்டைக்கோஸ மயோனைஸ்ல பொரட்டி அள்ளிப் போடறத எங்க கடைல நான் பாக்கவே இல்ல.

அதவிட முக்கியமா ஒண்ணு சொல்லோணும். ஷவர்மா அங்க தெனமும் சாப்படற சாப்பாடே இல்லீங்க, அது தெருவுல பசிக்கு வாங்கற ஒரு ரோல். தெனப்படி சாப்பாடு வேற.

வெடியால ஆறு மணிக்கு தெருவுக்கு ஒரு ஃபுர்ன் தொறந்திருக்கும், ஃபுர்ன்னா அடுப்பு, பேக்கரி. அங்க மனூஷேன்னு ஒண்ணு, வட்டமா தட்டுன மாவு மேல ஸாத்தர் பொடிய ஆலிவ் எண்ணெய்ல கொழச்சு தடவி அடுப்புல தள்ளுவாங்க. மாவ வெரல் நுனில குத்திக் குத்தி பள்ளம் பண்ணுவாங்க, அந்த குத்தறத வெச்சு தான் பேரே வந்துச்சும்பாங்க, பள்ளத்துல எண்ணெய் தேங்கி வெந்து வர்றப்ப தெருவே மணக்கும். ஸாத்தர்ங்கறது ஒரு மூலிகத் தழை, காஞ்சத பொடி பண்ணி வறுத்த எள்ளு, உப்பு, அந்த சுமாக்கு எல்லாம் கலந்தது. நம்ம கற்பூரவல்லி எலைய கசக்குனா ஒரு வாசம் வருமே, அதுக்கு பக்கத்துல இருக்கும். அதச் சாப்ட்டா மூள கூர்மையாகும்னு பரீட்ச அன்னைக்கு பசங்களுக்கு குடுப்பாங்க, நம்ம வல்லாரைய சொல்றாப்ல. தக்காளி, வெள்ளரி, புதினா, ஆலிவ் காய உள்ள வெச்சு மடிச்சு நின்னுட்டே சாப்ட்டு வேலைக்கு போயிருவாங்க. நான் போன புதுசுல ஒண்ணு அவங்க காசுல ஆயிரத்தைநூறு லிரா, அன்னைக்கு ஒரு டாலர்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, வயசானவங்க வீட்ல இருந்து அவங்கவங்க ஸாத்தர ஒரு கிண்ணத்துல கொண்டு வந்து குடுத்து எனக்கு இதுல போட்டுக் குடுன்னு நிப்பாங்க, கடைக்காரன் மாவுக்கும் சூட்டுக்கும் மட்டும் காசு வாங்குவான். நாம மொளகா தூள் அரைக்க மில்லுக்கு போசில கொண்டு போறோமே அதே தாங்க. இந்த மனூஷேய 2023ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க, வெறும் ரொட்டியும் தழையும் தான, அதுக்கு அந்த மரியாத.

அப்பறம் ஃபூல்னு ஒண்ணு, காஞ்ச மொச்ச மாதிரி ஒரு பயறு, ராத்திரி பூரா சின்ன தீல வேக வெச்சு காலைல பூண்டு எலுமிச்ச சீரகத் தூள் ஆலிவ் எண்ணெய் ஊத்தி ரொட்டில தொட்டு சாப்படறது. ஹும்முஸ் உங்களுக்கு தெரியும், அரபில ஹும்முஸ்னாலே கொண்டக்கடல, அதையும் தஹினியையும் எலுமிச்சயும் அரைச்சது. தஹினி எள்ளு, சிவகிரி ஏலத்துக்கு எள்ளு மூட்டை வர்றத பாத்தவங்க நாம, கடைல போயி இறக்குமதி டப்பாவ ஏன் வாங்கறோம்னு தெரியல. தோல் நீக்குன எள்ள லேசா வறுத்து கல்லுல அரைச்சா அது தான் தஹினி.

ஒரு நாள் எங்க முதலாளி குடும்பம் கடைல வேல பாக்கற எங்க எல்லாரையும் ஸஹ்லேக்கு கூட்டிட்டு போனாங்க. பெக்கா சமவெளில இருக்கற ஊரு, பெர்தௌனின்னு ஒரு ஆறு ஊருக்குள்ள ஓடுது, ஆத்தோரமா வரிசையா ஓட்டல், ஞாயித்துக்கெழம மத்தியானம் பெய்ரூட்ல இருந்து குடும்பம் குடும்பமா வந்து உக்காருவாங்க. உக்காந்த ஒடனே மொத ஒரு தட்டு வந்துச்சு, முழுசு முழுசா தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ், பச்ச மொளகா, நறுக்கக்கூட இல்ல, அதுக்கு தனி காசும் இல்ல. அப்பறம் சின்னச் சின்ன தட்டா வந்துட்டே இருக்குது, ஹும்முஸ், சுட்ட கத்திரிக்கா மசியல், லப்னேங்கற கெட்டித் தயிர், தெராச்ச எலைல அரிசிய சுருட்டி வேக வெச்சது, தப்பூலேங்கற பார்ஸ்லி சாலட், ரொட்டித் துண்டு போட்ட ஃபத்தூஷ் சாலட், நான் எண்ணிப் பாத்தேன் இருவத்தி ரெண்டு தட்டு, கறி கடைசில தான் வந்துச்சு. கடைசில பழம், அதும் கடைக்காரர் குடுக்கறது. யாருக்கும் தனி சாப்பாடு இல்ல, எல்லாரும் ரொட்டிய பிச்சு எல்லாத் தட்டுலயும் கை வெக்கறாங்க. ரெண்டு மணிக்கு உக்காந்து எந்திரிக்கறப்ப மணி ஆறு தாண்டிருச்சு. பழமை பேசிட்டே சாப்படறது, அரக்குங்கற சோம்பு வாசன சாராயம் குடிக்கறவங்க அத ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி பாலாட்ட ஆக்கி மெதுவா குடிக்கறது, கொழந்தைங்க ஆத்தோரம் வெளையாடறது. பில்லு வந்தப்ப ரெண்டு அண்ணந்தம்பிங்க கைய புடிச்சு இழுத்துட்டு நான் தான் குடுப்பேன்னு சண்ட, அது அப்படியே நம்ம ஊரு தாங்க, நான் சிரிச்சுட்டேன். நம்ம பந்தில ஒருத்தர் எலைய மடிக்கறதுக்குள்ள அடுத்தாளு சேருக்கு பின்னால நிக்கறாங்களே, அன்னைக்கு அந்த ஆத்தோரத்துல எனக்கு அது தான் நெனப்பு வந்துச்சு, நம்ம ஒரம்பரையும் ஒரு நாளைக்காவது இப்படி நாலு மணி நேரம் உக்காந்து சாப்ட்டா எப்படி இருக்கும்னு.

தப்பூலேய பத்தி மட்டும் ஒரு வார்த்த. இங்க ஓட்டல்ல குடுக்கறது கோதும ரவைல கொஞ்சம் தழைய தூவுனது. அங்க அது தலைகீழ், கட்டுக் கட்டா பார்ஸ்லி, கொஞ்சம் புதினா, தக்காளி, வெங்காயம், அதுக்குள்ள ஒரு கைப்பிடி புர்குல், அதாவது கோதுமய வேக வெச்சு காய வெச்சு ஒடச்சது, நம்ம புழுங்கலரிசி பண்ற மொற தான். தழைய கூரான கத்தில ஒரே தடவ நறுக்கோணும், ரெண்டாந் தடவ கத்தி பட்டா கருத்து தண்ணி விட்டுரும். நான் நறுக்குன மொத போசிய எங்க மாஸ்டர் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம எங் கத்திய வாங்கி சாணக்கல்லுல பத்து நிமிசம் தீட்டி திரும்ப எங் கைல குடுத்தாரு. அதுல இருந்து தெனமும் வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நானே தீட்டிக்குவேன்.

இப்ப நான் சொல்ல வர்றதுக்கு வர்றேன். 2019 கடைசில இருந்து அங்க பண மதிப்பு விழுந்துருச்சு. ஒரு டாலருக்கு 1507 லிரான்னு 1997ல இருந்து கட்டி வெச்சிருந்தது, 2020 கோடைல வெளி மார்க்கெட்டுல எட்டாயிரம் கிட்ட போயிருச்சு. ஆறு லட்சம் லிரா சம்பளம், 400 டாலர் வந்துட்டு இருந்தது 75 டாலர் ஆச்சு, ஊருக்கு என்னத்த அனுப்பறது. அந்த ஜூன் மாசம் அவங்க ராணுவத்துலயே சிப்பாய்ங்க சாப்பாட்டுல கறிய நிறுத்திட்டாங்க. அப்ப ஜனங்க என்ன சாப்ட்டாங்கன்னு நெனைக்கறீங்க, முஜத்தரா. கறி எடுக்காத வெள்ளிக்கெழமைக்கும் நோம்பு காலத்துக்கும் கிறிஸ்தவ வீட்ல எப்பவும் பண்றது, கஷ்ட காலத்துல எல்லா வீட்லயும் அது தான். தோல் நீக்காத பருப்பும் அரிசியும் சேத்து வேக வெச்சு, வெங்காயத்த நல்லா கருக செவக்க வறுத்து மேல போட்டு, பக்கத்துல தயிரோ முட்டைக்கோஸ் சாலட்டோ. முஜத்தரான்னா அம்ம தழும்பு விழுந்ததுன்னு அர்த்தமாம், வெள்ள அரிசில பருப்பு புள்ளி புள்ளியா தெரியறதால. நான் மொத தடவ அத சாப்ட்டப்ப கண்ணு கலங்கிருச்சுங்க, நம்ம அரிசிம் பருப்பு சாதம், அதே தான்.

2020 ஆகஸ்ட் 4 சாயந்திரம் தொறைமுகம் வெடிச்சப்ப எங்க கடை கண்ணாடி அத்தனையும் தரைல. நாட்டோட கோதும பெரும்பாலும் வெச்சிருந்த சைலோங்கற தானியக் கெடங்கும் போச்சு. மறுநா காலைல நான் கண்ணாடிய கூட்டிட்டு இருக்கறேன், எதுத்தாப்ல இருந்த ஃபுர்ன்காரர், அவரு ஜன்னலும் ஒடஞ்சு கெடக்குது, அடுப்ப பத்த வெச்சு மனூஷே போட்டு தெருவ கூட்டற பசங்களுக்கெல்லாம் காசு வாங்காம குடுத்தாரு. எனக்கும் ஒண்ணு. தஃபத்தல்னாரு, எடுத்துக்குங்கன்னு அர்த்தம், சாப்ட ஆரம்பிச்சா சஹ்தைன்பாங்க, ரெண்டு மடங்கு ஒடம்பு சொகமா இருக்கட்டும்னு. எங்களுக்குள்ள ரொட்டியும் உப்பும் இருக்குதுன்னு அங்க ஒரு பேச்சு உண்டு, நாம உப்பிட்டவர உள்ளளவும் நினைன்னு சொல்றது தான். நான் அந்த உப்ப தின்னவன், அதனால அந்த நாட்டு சாப்பாட்ட வெசம்னு எழுதறத படிச்சுட்டு என்னால சும்மா இருக்க முடியலீங்க.

அந்த வருஷ கடைசில ஊருக்கு வந்தேன். வந்த மறுவாரம் எங்கம்மாவுக்கு முஜத்தரா பண்ணிக் குடுத்தேன். ரெண்டு வாய் சாப்ட்டுட்டு சொன்னாங்க, இது நம்ம அரிசிம் பருப்பாட்டவே இருக்குது கண்ணு, வெங்காயத்த தான் கருக விட்டுட்ட, தாளிப்பு எங்கன்னு. இப்ப எங்க வீட்ல மாசம் ரெண்டு தடவ அது உண்டு, அம்மா மேல கொஞ்சம் நெய்ய ஊத்திக்குவாங்க.

அதனால எழுதுன அந்த வாசகர்கிட்டயும், அதிகாரிங்ககிட்டயும், கடை நடத்தற தம்பிங்ககிட்டயும் கேக்கறது இது தான். அழுக்கா வேகாம விக்கறவன கண்டிப்பா புடிங்க, அபராதம் போடுங்க, கடைய மூடுங்க, எனக்கு அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா புடிக்கறப்பவே எப்படி பண்ணோணும்னும் சொல்லிக் குடுக்கோணுங்க. ஓட்டல்காரங்க சங்கத்துக்கு ஒரு நாள் கூட்டம் போட்டா போதும், நாலு மிக்சி, பத்து கிலோ பூண்டு, முட்டை இல்லாத தூம எல்லாரும் ஒரே மத்தியானத்துல கத்துக்கலாம், கோயமுத்தூர் திருப்பூர் ஈரோடு நாமக்கல் எங்க கூப்புட்டாலும் நான் எஞ் செலவுல பஸ் ஏறி வந்து காட்டறேன். ஷவர்மா கடைலயே ஒரு பக்கம் ஹும்முஸும் முஜத்தராவும் வெச்சு பாருங்க, வெள்ளிக்கெழம கறி எடுக்காத வீட்டாளுங்களும் வருவாங்க. உங்க ஞாயித்துக்கெழம மலர்ல இந்த தூம் செய்மொறய எடம் இருந்தா போடுங்க. எங்கிட்ட பொலம்புன அந்த பஸ் ஸ்டாண்டு தம்பி இப்ப மூணு மாசமா அப்படித்தான் பண்றான், மொத நாளு எண்ணெய வேகமா ஊத்தி ரெண்டு தடவ திரிய விட்டான், மூணாவது தடவ நின்னுருச்சு.

இப்படிக்கு,
பெய்ரூட் கிச்சன்ல இருந்து வந்த ஒரு சமையல்காரன்,
கோபிசெட்டிபாளையம்.